பொறுத்தலும் பெறுதலும்

சில திங்களுக்கு முன் நெடுநாளைய நண்பர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். வழக்கம்போல் ஊர்ச் செய்திகளைப் பேசாது நெடுநேரம் மௌனமாக அமர்ந்திருந்தார். பின்னர், "ஐயா, ஒரு குழந்தை அறியாமல் செய்த தவற்றுக்கு மற்றொரு குழந்தை பணம் கேட்பது அறமாகுமா? தாங்கள்தாம் சொல்லவேண்டும்" என்றார்.

அவர் கூறியதன் சுருக்கம் இது. சம்பந்தப்பட்டோரை எவரும் அறியாதவாறு சில விவரங்களை மாற்றியுள்ளேன். அவருடைய தங்கை மகள், 2014-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தாள். அப்போது அவளுக்கு அகவை பத்து. அவ்வில்லத்துச் சிறுவனுக்கு அகவை பதினான்கு. அச்சிறுவன் அவளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினான். ஒருமுறை அன்று, பலமுறை. ஊர் திரும்பிய பெண் தாயிடம் கூறினாள். பெரியோர் கூடினர். சிறுவனை அதட்டி வெளியூர் விடுதியில் சேர்த்தனர். பெண்ணிடம், இதை இனி எவரிடமும் சொல்லக்கூடாது என்றனர். அத்துடன் அக்குடும்பத்தைப் பொறுத்தவரை அச்செய்தி முடிந்துவிட்டது.

பெண்ணுக்கு முடியவில்லை. உறக்கம் இல்லை, கல்லூரிப் படிப்பு இருமுறை தடைப்பட்டது, மனநல மருத்துவரிடம் இன்றும் சிகிச்சை நடந்து வருகிறது. அகவை இருபது கடந்தபின் தாமே காவல் நிலையம் சென்று புகார் அளித்தார். வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் உள்ளது. குடும்பத்தார் முதலில் சினந்து, பின்னர் ஒருவாறு இதனை ஏற்றுக்கொண்டனர். ஆனால், இழப்பீடு கோரி விண்ணப்பிக்க வழி உண்டு என்று வழக்கறிஞர் கூறியதும், அதுவரை அப்பெண்ணின் பக்கம் நின்றோரும் விலகி நின்றனர். "நீதி கேட்டாள், சரி. காசும் கேட்கிறாளே!" என்பது அவர்தம் கூற்று. தாயாரும் அவ்வாறே கூறினார் என்றார் நண்பர்.

இத்தகைய பொருள் இவ்விதழில் இடம்பெறலாமா என்று எண்ணும் வாசகர் இருப்பர். மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையான பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகக் கூறினர். நம் இல்லங்கள் மட்டும் இதற்கு விலக்கு என்று கருதுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

"அவனும் குழந்தைதானே" என்பது பெரியோர் கூறும் முதற் காரணம். இது பொய்யன்று, சட்டமும் இதனை ஏற்கிறது. ஏழு அகவை நிரம்பாத குழந்தையின் செயல் எதுவும் நம் நாட்டில் குற்றமாகாது. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட குழந்தைக்குத் தன் செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்த்தே முடிவு செய்யவேண்டும். போக்சோ எனச் சுருக்கமாக வழங்கும் சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. குற்றம் செய்தவரும் பதினெட்டு நிரம்பாதவர் எனில் அவரை இளைஞர் நீதிச் சட்டத்தின்படியே நடத்தவேண்டும் என்று அதன் 34-ஆம் பிரிவு விதிக்கிறது. செய்தபோது சிறுவனாக இருந்தவன் இன்று இருபத்தைந்து அகவையினனாக இருப்பினும் சிறுவனாகவே கருதப்படுவான். அறிவுரை, ஆற்றுப்படுத்துதல், சமூகப் பணி, பெற்றோர்மீது அபராதம், மிகுந்தால் மூன்றாண்டு வரை சிறப்பு இல்லத்தில் தங்கவைத்தல் ஆகியவையே குழுமம் இடக்கூடிய ஆணைகள். பதினான்கு அகவையில் செய்ததைக் காட்டிப் பிற்காலத்தில் அவனுக்கு வேலையோ தகுதியோ மறுக்கப்படலாகாது. பெயரை வெளியிடவும் தடை உண்டு.

இவ்வளவு கனிவும் தக்கதே என்பது என் கருத்து. நம் சமயத்தார்க்கு இது புதிதும் அன்று. திரவிய இம்சை வேறு, பாவ இம்சை வேறு என்று ஆசாரியர்கள் பகுத்தனர். முன்னது உடலுக்கும் உயிர்க்கும் நேரும் ஊறு. பின்னது செய்வோன் உள்ளத்தில் எழும் தீய பரிணாமம். வினை கட்டுவது செய்வோனின் மனநிலைக்கும் அசட்டைக்கும் ஏற்ப என்பது நாம் அறிந்ததே. முதிராத உள்ளத்துக்கு முதிர்ந்த உள்ளத்தின் பழியைச் சுமத்தலாகாது.

ஆனால் இங்கே ஒரு பிழை நுழைகிறது. நண்பரின் குடும்பத்தார் அனைவரும் செய்த பிழை அது. நானும் முதலில் அரைமனத்தோடு அதன் வழியே சென்றேன். செய்வோனின் பழியை அளக்கும் கோலை எடுத்து, பட்டவரின் ஊற்றையும் அதனாலேயே அளந்துவிடுகிறோம். அவன் சிறுவன் என்பதால் அவன் பழி குறையலாம். அவன் சிறுவன் என்பதால் இவள் இழந்த உறக்கம் குறைந்ததா? கல்லூரியில் இழந்த ஆண்டுகள் மீண்டனவா? பதினான்கு அகவையினன் கையால் பட்ட ஊறு நாற்பது அகவையினன் கையால் பட்ட ஊற்றினும் மெல்லியது என்று கூற எவருக்கும் உரிமை இல்லை. பாவ இம்சை சிறிதென்று காட்டித் திரவிய இம்சையே நிகழவில்லை என்று முடிப்பது நம் ஆசாரியர்கள் காட்டிய பகுப்பு அன்று.

வேறோர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். உரிமம் பெறாத பதினாறு அகவைச் சிறுவன் தந்தையின் இருசக்கர வாகனத்தை எடுத்துச் சென்று, சாலையில் நடந்து சென்றவர் மீது மோதிவிடுகிறான். அவர் கால் முறிகிறது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் முன் அவர் செல்லும்போது, ஓட்டியவன் சிறுவன், ஆகவே கால் முறிந்தவர்க்கு ஈடு இல்லை என்று எவரேனும் கூறுவரா? கால் முறிந்தவரைப் பார்த்து, இவர் தம் காலை விலைக்கு விற்றார் என்று எவரேனும் ஏசுவரா? மருத்துவச் செலவையும் இழந்த ஊதியத்தையும் அவர் பெறுவதை இயல்பாகவே கொள்கிறோம். நம் குடும்பங்களிலேயே அவ்வாறு பெற்றோர் பலர் உளர்.

அவ்வாறாயின், இப்பெண் கேட்கும்போது மட்டும் நாக்கூசுவது ஏன்? குடும்பத்தின் மானத்தை அச்சிறு பெண்ணின் உடலில் நாமே கொண்டுபோய் வைத்துவிட்டோம்; அதனால்தான் அவர் பெறும் தொகை மானத்தின் விலையாக நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. அவர் மானம் எதையும் இழக்கவில்லை. இழந்தவை உறக்கம், படிப்பு, உடல்நலம், பல்லாண்டு கால மன அமைதி. இவற்றுள் முன்னவை சிலவற்றுக்குக் கணக்கு உண்டு. மருத்துவர் கட்டணச் சீட்டுகளே ஒரு கோப்பு நிறைய உள்ளன என்றார் நண்பர்.

சட்டம் பயன்படுத்தும் சொற்களையும் நோக்கவேண்டும். 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவு அதன் இடத்தில் உள்ளது. குற்றத்தால் இழப்போ ஊறோ அடைந்து மறுவாழ்வு தேவைப்படுவோர்க்கு அரசு ஒரு நிதி வைத்திருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. குற்றவாளி இன்னார் என்று கண்டறியப்படாத நிலையிலும் பாதிக்கப்பட்டவர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். போக்சோ வழக்குகளுக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளோ, எதிரி விடுதலையான வழக்கிலும் குழந்தைக்கு இழப்போ ஊறோ நேர்ந்திருப்பின் சிறப்பு நீதிமன்றம் ஈட்டுக்குப் பரிந்துரைக்கலாம் என்கின்றன. கல்வி தடைப்பட்டதா, மனநலச் சிகிச்சைக்குச் செலவு நேர்ந்ததா, கொடுமை ஒருமுறையா தொடர்ந்ததா என்பனவற்றைக் கருதித் தொகையை முடிவு செய்யவேண்டும் என்றும் கூறுகின்றன. ஆக, தண்டனை ஒரு வழியிலும் ஈடு மற்றொரு வழியிலும் செல்கின்றன. பிரிட்டனில் 1964 முதல் இத்தகைய அரசு நிதித் திட்டம் ஒன்று இருந்து வருகிறது. தாக்கியவர் குற்றப் பொறுப்புக்குரிய அகவையை எட்டாத குழந்தை என்பதால் தண்டிக்கவே இயலாதபோதும், ஊறுபட்டவர் அங்கே ஈடு கோரலாம். இங்கிலாந்தில் அவ்வகவை பத்து.

தொகை எவ்வளவு என்று அறிய விரும்புவோர்க்காகக் கூறுகிறேன். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2018-இல் மகளிர்க்கென வகுத்த திட்டத்தில் வன்புணர்ச்சிக்கு 4 இலட்சம் முதல் 7 இலட்சம் ரூபாய் வரை குறிக்கப்பட்டுள்ளது; பாதிக்கப்பட்டவர் சிறார் எனில் அவ்வெல்லை 50 விழுக்காடு கூடும். போக்சோ வழக்குகளிலும் இதனை வழிகாட்டியாகக் கொள்ளுமாறு உச்சநீதிமன்றம் அதே ஆண்டில் பணித்தது. விண்ணப்பத்துக்கு மூன்றாண்டு என்ற கால வரையறை உண்டு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் இடம் உண்டு. இதனால் ஒருவர் செல்வராகிவிடுவார் என்று அஞ்சுவோர், மனநலச் சிகிச்சை எத்தனை ஆண்டு நீளும் என்பதையும் சற்றுக் கணக்கிடுவார்களாக. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தைக்கூட ஒருவர் இப்பெண்ணிடம் எடுத்துக் கூறினாராம்! சொத்துக் கணக்கு வைத்திருக்கும் நம்மைப் போன்றோர் மருந்துச் சீட்டு வைத்திருக்கும் பெண்ணிடம் கூறவேண்டிய விரதமா அது?

பணத்தில் ஓர் இழிவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அது வேறிடத்தில் உள்ளது. இரு குடும்பத்தாரும் நள்ளிரவில் கூடி, ஒரு தொகையைக் கைமாற்றி, இனி இதைப் பேசக்கூடாது என்று முடிப்பார்களே, அப்பணம் இழிந்தது. அது வாயை அடைக்கும் விலை, சட்டத்துக்கும் மாறானது. உண்மையைப் பதிவேட்டில் எழுதச் செய்து, அதன்பின் அரசின் கையிலிருந்து வெளிப்படையாகப் பெறுவது அதற்கு நேர் எதிரானது. வியப்பு யாதெனில், முன்னதை நாம் விவேகம் என்கிறோம். பின்னதைப் பேராசை என்கிறோம்.

இனி அந்த மற்றொரு குழந்தையைப் பற்றியும் எண்ணவேண்டும். ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை ஆராய்ந்த அரச ஆணையம், 2017-இல் அளித்த இறுதி அறிக்கையில் ஒரு தொகுதி முழுவதையும் இத்தகைய சிறார்க்கென ஒதுக்கியது. அவர்களைக் குற்றவாளிகள் என்று அது குறிக்கவில்லை. பாலியல் வகையில் தீங்கு விளைக்கும் நடத்தையுடைய குழந்தைகள் என்றே குறித்தது. அவர்களுள் சிலர் தாமே முன்னர்க் கொடுமைக்கு உள்ளானோர் என்பதும், தக்க சிகிச்சையால் திருந்தக்கூடியோர் பலர் என்பதும் இத்துறையினர் அறிந்தவை. அச்சிறுவன் இதை எங்கே கற்றான் என்று 2014-இல் எவரேனும் கேட்டனரா? நண்பரிடம் வினவினேன். அவர் தலை கவிழ்ந்தார். அதட்டி விடுதிக்கு அனுப்பியது அவனுக்கும் செய்த தீங்கே. மறைத்ததால் ஒரு குழந்தையேனும் காப்பாற்றப்பட்டது என்று சொல்லவும் வழியில்லை.

"பொறுமை நம் சமயத்தின் முதல் அறம் அல்லவா? தசலட்சணத்துள் உத்தம பொறையைத்தானே முதலில் வைத்தனர்? அவள் பொறுத்துவிட்டால் என்ன?" என்று நண்பர் இறுதியாகக் கேட்டார். இதற்கு விடை கூற எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. ஆண்டுதோறும் தசலட்சண நாள்கள் முடிந்ததும் ஒருவரிடம் ஒருவர் கைகூப்பிப் பொறுத்தருள வேண்டுகிறோம். அவ்வழக்கில் முதலில் வாய் திறப்பவர் யார்? பிழை செய்தவர். இக்குடும்பத்திலோ இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் அப்பெண்ணிடம் பிழை பொறுக்க வேண்டவில்லை; செய்தவனும் இல்லை, மறைத்தோரும் இல்லை. பொறுக்குமாறு அவரிடம் ஆணையிட்டோர் மட்டும் பலர். கேளாத மன்னிப்பையும் ஒருவர் தம் உள்ளத் தூய்மையால் அளிக்கலாம். அது அவர் பெருமை. பிறர் அதனை வாங்கித் தரமுடியாது. பத்து அகவைக் குழந்தையை வாய்மூடச் செய்துவிட்டு அதற்குப் பொறை என்று பெயரிடுவது அச்சொல்லுக்கே செய்யும் தீங்கு.

அன்றியும், பொறுத்தல் என்பது பகையை விடுதல். அப்பெண் நாளையே அவன்மீதுள்ள பகையை முற்றும் விட்டுவிடக்கூடும். விட்டாலும் மருத்துவர் கட்டணம் நிற்காது. ஈடு பெற்றவர் பொறுத்தவர் ஆகார் என்பதும், பொறுத்தவர் ஈடு பெறலாகாது என்பதும் எந்த நூலிலும் நான் கண்டதில்லை.

ஓர் ஐயம் மட்டும் எனக்கு முழுதும் தீரவில்லை. அரசு தருவது ஒருபுறம் இருக்க, இன்று ஊதியம் ஈட்டும் அவ்விளைஞன் தானே ஏதேனும் தரவேண்டுமா? அன்று அவன் குழந்தை. இன்று அவன் குழந்தை அல்லன். தான் செய்ததன் பொருளை அறிந்தவன். அறிந்தபின் வாளாவிருப்பது இன்றைய அவனது செயல். அதற்கு அன்றைய அகவை காப்பாகாது. அவன் தானாக முன்வந்து சிகிச்சைச் செலவை ஏற்பானாகில் அது பிராயச்சித்தத்தின் ஒரு பகுதி ஆகலாம். ஆனால் வழக்கைக் கைவிடுமாறு கேட்டுத் தருவானாகில், அது மீண்டும் அந்த நள்ளிரவுப் பணமே. இரண்டுக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது. வாங்குவதா மறுப்பதா என்பதை அப்பெண் ஒருவரே முடிவு செய்யவேண்டும். தாய்மாமனும் கூடாது, நானும் கூடாது.

இவற்றை நண்பரிடம் கூறினேன். அவர் உடன்பட்டாரா என்று தெரியவில்லை. மோர் அருந்திவிட்டு விடைபெற்றார். மகளிர்க்கும் சிறார்க்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதையும், 15100 என்ற தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

இரு வாரம் கழித்து ஒரு மாலையில் தொலைபேசி மணி ஒலித்தது. பேசியவர் அப்பெண்ணின் தாயார். முன்பின் என்னிடம் பேசியவர் அல்லர். நலம் விசாரித்தபின், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்குள்ளது என்று மட்டும் கேட்டார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் என்றேன். காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று வினவினார். பின்னர்ச் சற்றுத் தயங்கி, "உடன் ஒருவர் வரலாம் அல்லவா, ஐயா?" என்றார்.