விற்ற பெயரும் தீராத கடனும்

1937-ஆம் ஆண்டு, இத்தாலியின் பொலோன்யா நகரில் மூன்று சகோதரர்கள் தங்கள் குடும்பப் பெயரை விற்றார்கள். பட்டறையோடும் ஸ்பார்க் பிளக் தொழிலோடும் சேர்ந்து ‘மசராட்டி’ என்ற பெயரும் கைமாறியது. வாங்கியவர் மொடேனாவைச் சேர்ந்த அடோல்ஃபோ ஓர்சி. பழைய இரும்பு வாங்கி விற்பதில் தொடங்கி எஃகுத் தொழிலதிபராக உயர்ந்தவர். பத்து ஆண்டுகள் சகோதரர்கள் அங்கேயே இருந்து அவருக்குப் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்பா வழியில் வந்த பெயரைத் தாங்கள் செய்யும் காரில் பொறிக்க அவர்களுக்கே உரிமை இல்லாமல் போனது.

வீட்டை விற்பவர்கள் உண்டு, நிலத்தை விற்பவர்கள் உண்டு. பெயரை விற்றவர்கள் அதன்பிறகு எப்படி வாழ்ந்தார்கள், வாங்கியவர்கள் அதை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் என்னை இந்தக் கார் கம்பெனியின் கதைக்குத் திரும்பத் திரும்ப இழுக்கிறது.

ஏனென்றால் நம்மில் பலருக்கும் அப்படி ஒரு பெயர் கைக்கு வந்திருக்கிறது. “நீங்க அவரோட மகனா? அப்ப எடுத்துட்டுப் போங்க, பணம் மெதுவா குடுங்க” என்று ஒரு கடைக்காரர் சொல்லும்போது நாம் அனுபவிப்பது நம் சம்பாத்தியம் அல்ல. ஒருவர் வாழ்நாளெல்லாம் சொன்ன சொல் தவறாமல் நடந்ததன் பலன் அது. அதைச் சொத்தாக எண்ணிச் செலவழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடனாக எண்ணி அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மசராட்டியின் நூறாண்டு கடந்த வரலாற்றில் இந்த இரண்டு வகையினரும் மாறி மாறி வருகிறார்கள்.

அந்தப் பெயர் ஒரு ரயில் ஓட்டுநரின் பெயர். வோகெராவைச் சேர்ந்த ரொடோல்ஃபோ மசராட்டிக்குப் பிறந்தவர்கள் ஏழு ஆண் பிள்ளைகள். அவர்களில் ஒரு குழந்தைக்கு அல்ஃபியேரி என்று பெயர் வைத்தார்கள். அது குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டது. 1887-ல் அடுத்து பிறந்த மகனுக்கும் அதே பெயரை வைத்தார்கள். இறந்த அண்ணனின் பெயரைச் சுமந்து வளர்ந்த அந்த அல்ஃபியேரிதான் 1914 டிசம்பர் 1-ஆம் தேதி பொலோன்யாவில் ஒரு சிறிய பட்டறையைத் தொடங்கினார். தம்பிகள் எத்தோரேயும் எர்னெஸ்டோவும் கூட நின்றார்கள். மூத்தவர் கார்லோ 1910-லேயே இளம்வயதில் காலமாகியிருந்தார். இயந்திரத்தின் பக்கம் வராத மாரியோ ஓவியர். பொலோன்யா சதுக்கத்தில் ஜாம்போலோன்யா வடித்த கடல் தெய்வம் நெப்டியூனின் சிலை நிற்கிறது. அதன் கையிலிருக்கும் திரிசூலத்தைப் பார்த்துத்தான் மாரியோ கம்பெனியின் சின்னத்தை வரைந்தார். இன்றும் கார்களின் முகப்பில் இருப்பது அதுவே.

முதலில் அவர்கள் அடுத்தவர்களின் கார்களைப் பந்தயத்துக்குச் செப்பனிட்டார்கள். உலகப்போரின்போது ஸ்பார்க் பிளக் செய்தார்கள். தங்கள் பெயரில் முதல் காரை வெளியே கொண்டுவரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1926-ல் சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் அதை ஓட்டியவர் அல்ஃபியேரியே. பக்கத்து இருக்கையில் குவெரினோ பெர்தோக்கி என்ற இளம் மெக்கானிக். 1,500 சி.சி. பிரிவில் அவர்கள் முதலாவதாக வந்தார்கள். தான் செய்த காரில் தானே ஏறி, அந்த மலைப்பாதையில் உயிரை வைத்து ஓட்டிக்காட்டுவதைவிட ஒரு பெயருக்கு வேறு என்ன உத்தரவாதம் வேண்டும்? அடுத்த ஆண்டு மெசினாவில் நடந்த விபத்தில் அல்ஃபியேரி பலத்த காயமடைந்தார். 1932-ல், 44 வயதில், அறுவைச் சிகிச்சையின்போது உயிரிழந்தார். வேறொரு கம்பெனியில் வேலை பார்த்த அண்ணன் பிந்தோ அதை விட்டுவிட்டு வந்து தம்பிகளோடு சேர்ந்தார். ஆனால் அரசின் ஆதரவு பெற்ற ஆல்ஃபா ரோமியோவையும் ஜெர்மன் கம்பெனிகளையும் ஒரு குடும்பப் பட்டறை எத்தனை நாள் எதிர்த்து நிற்கும்? ஐந்தாண்டில் விற்பனைப் பத்திரம் கையெழுத்தாயிற்று.

ஓர்சியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வாங்கியபின்தான் மசராட்டி கார் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை 1939-லும் 1940-லும் வென்றது. ஆலையை மொடேனாவுக்கு மாற்றினார். போர்க்காலத்தில் இயந்திரக் கருவிகள் செய்து தொழிலாளர்களைக் காப்பாற்றினார்.

ஒப்பந்தம் முடிந்ததும், 1947-ல், மூன்று சகோதரர்களும் பொலோன்யா பக்கம் திரும்பினார்கள். பிந்தோவுக்கு அப்போது 64 வயது. தம்பிகளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பெயர் போய்விட்டது, கையிருந்தது. ஊருக்கு வெளியே சான் லாசரோ தி சவேனாவில் ‘ஓஸ்கா’ என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். அவர்களின் புகழ்பெற்ற காருக்கு ‘எம்.டி.4’ என்று பெயர். ‘மசராட்டி டிப்போ 4’ என்பதன் சுருக்கம் அது. உரக்கச் சொல்ல உரிமையில்லாத பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1954-ல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணிநேரப் பந்தயத்தில், 1,500 சி.சி.க்கும் குறைந்த இன்ஜின் கொண்ட அந்தச் சிறிய காரை ஸ்டெர்லிங் மாஸும் பில் லாய்டும் ஓட்டினார்கள். பெரிய கார்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி விலக, முடிவில் பிரேக் அநேகமாகச் செத்துப்போன நிலையிலும் ஓஸ்காவே ஒட்டுமொத்த வெற்றி பெற்றது.

சகோதரர்கள் பெரிய ஆலை கட்டவில்லை. கட்டவும் விரும்பியதாகத் தெரியவில்லை. தங்களால் நேரில் கவனிக்கக்கூடிய அளவுக்கு மேல் அவர்கள் போகவில்லை. வயதான பிறகு 1963-ல் கம்பெனியை விற்றார்கள். 1967-ல் அது மூடப்பட்டது. வணிகக் கணக்குப்படி ஓஸ்கா தோற்ற கம்பெனி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இழந்த பெயருக்காக வழக்காடிக்கொண்டும் பழங்கதை பேசிக்கொண்டும் மிச்ச நாளைக் கழித்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, அறுபது வயதைக் கடந்தும் காலையில் பட்டறைக் கதவைத் திறந்தார்கள். தொழில் தெரிந்தவனுக்குப் பெயர் மறுபடி முளைக்கும் என்பதை அவர்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை, செய்துகாட்டினார்கள்.

மொடேனாவில் அந்தப் பெயர் தன் உச்சத்தைத் தொட்டது 1957 ஆகஸ்ட் 4 அன்று. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் 22 சுற்று. மசராட்டி 250எஃப் காரில் 46 வயது ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோ. அரை டாங்க் பெட்ரோலோடு தொடங்கி முன்னிலை பெற்று, நடுவில் நிறுத்திப் பெட்ரோலும் டயரும் மாற்றிக்கொள்வது திட்டம். நிறுத்தியபோது வேலை நினைத்ததைவிட நீண்டுவிட்டது. மறுபடி வேகம் பிடிப்பதற்குள் இரண்டு ஃபெராரிகள் முக்கால் நிமிடத்துக்கும் மேல் முன்னே போய்விட்டன. அதன்பிறகு ஃபாஞ்சியோ சுற்றுக்குச் சுற்று சாதனையை முறியடித்தார். ஒரு சுற்றை 9 நிமிடம் 17.4 விநாடியில் முடித்தார். தகுதிச் சுற்றில் அவரே எடுத்த நேரத்தைவிட 8 விநாடி குறைவு. கடைசிக்கு முந்தைய சுற்றில் இருவரையும் தாண்டி, 3.6 விநாடி வித்தியாசத்தில் வென்றார். ஐந்தாவது உலகப் பட்டம் அன்றே உறுதியானது. அன்று மசராட்டியின் தலைமை மெக்கானிக் யார் தெரியுமா? 31 ஆண்டுகளுக்கு முன் சிசிலியில் அல்ஃபியேரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே பெர்தோக்கி. முதலாளி மாறினார், ஊர் மாறியது, சகோதரர்கள் போய்விட்டார்கள்; பெர்தோக்கியின் கை அங்கேயே இருந்தது. ஒரு பெயரைக் காப்பாற்றுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெயர் இல்லாதவர்கள்தாம்.

அதே ஆண்டின் இறுதியில் கம்பெனி திவாலின் விளிம்பில் நின்றது. அர்ஜென்டினாவுக்கு அனுப்பிய இயந்திரக் கருவிகளுக்குப் பணம் வந்துசேரவில்லை. நவம்பரில் வெனிசுலாவின் கராகஸில் நடந்த பந்தயத்தில் மசராட்டி கார்கள் மோதியும் தீப்பற்றியும் நாசமாயின. ஓர்சி குடும்பம் வேதனையான முடிவை எடுத்தது: கம்பெனியின் பந்தய அணியைக் கலைத்தார்கள். சாலையில் ஓட்டும் 3500 ஜிடி காரில் முழுக் கவனத்தையும் வைத்தார்கள். அந்த வகையில் 2,000-க்கும் மேற்பட்ட கார்கள் விற்றுக் கம்பெனி மூச்சு விட்டது. புகழ் தரும் வேலையை நிறுத்திவிட்டுக் கடனை அடைக்கும் வேலையைச் செய்ய எத்தனை பேருக்கு மனம் வரும்? கைதட்டல் பழகிய வீட்டில் அது இன்னும் கடினம்.

1968-ல் பிரான்ஸின் சிட்ரோயன் உள்ளே வந்தது. எண்ணெய் நெருக்கடியில் பெரிய இன்ஜின் கார்களை வாங்க ஆளில்லாமல் போனது. 1975 மே மாதம் மசராட்டியைக் கலைக்கப்போவதாக அறிவித்தார்கள். தொழிலாளர்கள் போராடினார்கள், அரசு நிறுவனமான ஜெபி தலையிட்டது. அதனுடன் சேர்ந்து ஆகஸ்ட் மாதம் பொறுப்பேற்றவர் அர்ஜென்டினாவில் பிறந்து மொடேனாவில் கார் செய்துகொண்டிருந்த அலெஹாந்த்ரோ தெ தோமாசோ. அவர் வந்திராவிட்டால் கதவு மூடியிருக்கும். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் வந்தவுடன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, 1953 முதல் அங்கே இருந்து 250எஃப்-ஐச் செம்மைப்படுத்தி, 3500 ஜிடியை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் ஜூலியோ அல்ஃபியேரியை வீட்டுக்கு அனுப்பியது. வீட்டைக் காப்பாற்ற வந்தவர் வீட்டின் நினைவைத் தூக்கி வெளியே வைத்தால், மிஞ்சுவது சுவர்கள்.

1981 டிசம்பரில் தெ தோமாசோ ‘பைடர்போ’ காரை அறிமுகம் செய்தார். இத்தாலியில் 2,000 சி.சி.க்கு மேற்பட்ட கார்களுக்கு வரி கடுமை. அதனால் சிறிய இன்ஜின், அதற்கு இரண்டு டர்போ. நல்ல யோசனைதான். மசராட்டி என்ற பெயர் நடுத்தர விலைக்குக் கிடைக்கிறது என்றதும் வாங்கக் கூட்டம் வந்தது. ஆனால் போதிய சோதனை இல்லாமல் அவசரமாக விற்பனைக்கு வந்த கார் அது. கார்பரேட்டர் வைத்த ஆரம்ப மாடல்கள் அமெரிக்காவில் தொல்லை மேல் தொல்லை கொடுத்தன. பெயரை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் மசராட்டி அமெரிக்கச் சந்தையை விட்டே வெளியேறியது. முன்னோர் வெட்டிய கிணற்றில் தூர் வாராமல் இறைத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் வாளி வெறுமையாகத்தானே மேலே வரும்.

மீட்சி வந்த திசை யாரும் எதிர்பாராதது. 1993-ல் கம்பெனியை முழுமையாக வாங்கிய ஃபியட், 1997-ல் அதன் பாதியை ஃபெராரியிடம் கொடுத்தது. 1999-ல் முழுவதையும் கொடுத்தது. நூர்பர்க்ரிங்கில் தோற்ற அதே ஃபெராரி. மொடேனாவுக்கும் ஃபெராரியின் மரனெல்லோவுக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. அரை நூற்றாண்டு ஒருவரை ஒருவர் முந்தத் துடித்த இரு வீடுகள். லூகா தி மொந்தெசெமோலோ தலைமையில் இருந்த ஃபெராரி முதலில் செய்தது உற்பத்தியை நிறுத்தியது. பழைய ஆலையைச் சில மாதங்கள் மூடி, புதிய அசெம்பிளி வரிசை அமைத்து, தரத்தைச் சரிசெய்த பிறகே 3200 ஜிடியை வெளியிட்டார்கள். 2002-ல் அமெரிக்காவுக்குத் திரும்பினார்கள். 2003-ல் பினின்ஃபரீனா வடிவமைத்த குவாட்ரோபோர்ட்டே வந்தபோது, ‘மசராட்டி’ என்பதை மறுபடி மரியாதையோடு உச்சரித்தார்கள். நேற்றைய எதிரியின் பெயரைத் தன் பெயர்போலப் பேணியது ஃபெராரி. போட்டியாளனின் அருமை நல்ல போட்டியாளனுக்கே தெரியும்.

அங்கேயே கதை நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். 2005-ல் மசராட்டி ஃபெராரியிடமிருந்து பிரிக்கப்பட்டு மறுபடி ஃபியட்டிடம் சென்றது. ஆண்டுக்கு 50,000 கார்கள் என்று அதன் தலைவர் செர்ஜியோ மார்க்கியோன்னே இலக்கு வைத்தார். டுரின் அருகே க்ருல்யாஸ்கோவில் புதிய ஆலை, 2013-ல் புதிய குவாட்ரோபோர்ட்டே, கிப்லி, டீசல் மாடல்கள், பிறகு லெவான்டே எஸ்யூவி. 2017-ல் அந்த எண்ணிக்கையை எட்டினார்கள். ஆனால் கிப்லிக்குள் உட்கார்ந்து பார்த்தவர்கள் கவனித்த ஒன்று உண்டு: விலை மசராட்டி விலை, விரல் தொடும் சில பொத்தான்களும் திரையும் அதே குழுமத்தின் கிரைஸ்லர் கார்களில் இருப்பவை. சிறிய விஷயம்தான். ஆனாலும் அவ்வளவு பணம் கொடுத்தவர் அந்தப் பொத்தானை ஒவ்வொரு நாளும் தொடுகிறார். க்ருல்யாஸ்கோ ஆலை பத்தாண்டில் மூடப்பட்டது. 2024-ல் மொத்த விற்பனை சுமார் 11,300.

இதற்கு நடுவே, 2020 செப்டம்பரில், மொடேனாவில் எம்.சி.20 கார் வெளியானது. அதிலிருந்த மூன்று லிட்டர், 630 குதிரைத்திறன் வி6 இன்ஜினுக்கு ‘நெத்தூனோ’ என்று பெயர். பொலோன்யா சதுக்கத்துத் தெய்வத்தின் பெயரே. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக ஃபெராரி செய்த இன்ஜினையும் பிறர் இன்ஜினையும் நம்பியிருந்த மசராட்டி, தன் பழைய ஊரில், தன் சொந்தப் பட்டறையில் வடிவமைத்துச் செய்தது அது.

11,300 என்ற எண்ணைக் காட்டி, கதை முடிந்தது என்கிறார்கள் சிலர். நான் அப்படி நினைக்கவில்லை. அல்ஃபியேரி முதல் காரைச் செய்தபோது யாரும் எண்ணிக்கை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பட்டறை 1926-ஐத் தாண்டியிருக்காது. மொடேனாவின் தொழிலாளர்கள் குறைந்த வேலைநேரத்தில் காலம் தள்ளியிருக்கிறார்கள். அவர்களில்தான் இன்றைய பெர்தோக்கி யாரோ இருக்கிறார். ஃபியட்டும் கலந்து உருவான இப்போதைய உரிமையாளர் ஸ்டெல்லாண்டிஸ் அவர்களுக்கு வேலையும், அந்த இன்ஜின் முதிர்வதற்கு நேரமும் தரவேண்டும். விற்பனை குறைவாகவே இருக்கட்டும், சில ஆண்டுகள் இலாபம் இல்லாமலே போகட்டும். மறுபடி ஐம்பதாயிரத்தைத் துரத்தினால், 1981-லும் 2013-லும் நடந்தது மூன்றாம் முறையும் நடக்கும். அப்போது கைகொடுக்கப் பக்கத்து ஊரில் ஃபெராரி காத்திருக்காது.