ஐந்து உருளைக்கிழங்கும் ஒரு தட்டும்

இங்கிலாந்தின் கிராமங்களில் ஜூலைக் கடைசிக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையே ஏதாவது ஒரு சனிக்கிழமையில் மலர், விளைபொருள் கண்காட்சி நடக்கும். ஊர்ப் பொதுக்கூடத்திலோ புல்வெளியில் அடித்த கூடாரத்திலோ நீள மேசைகளைப் போட்டு அவற்றின் மேல் வெள்ளைக் காகிதம் விரித்திருப்பார்கள். ஒரு தட்டில் ஐந்து உருளைக்கிழங்கு, இன்னொன்றில் மூன்று வெங்காயம், அடுத்ததில் ஆறு ரன்னர் பீன்ஸ். குவளைகளில் டேலியா, ரோஜா, ஸ்வீட் பீ. சுவரோரம் ஜாம், தேன், கேக். எல்லாம் அந்த வட்டாரத்து மக்களின் தோட்டத்திலும் அடுப்படியிலும் உருவானவை. அவை மேசைக்கு வந்திருப்பது விற்பனைக்காக அல்ல, மதிப்பிடப்படுவதற்காக. முதல் பரிசு ஒரு சில பவுண்டைத் தாண்டுவது அரிது. பல ஊர்களில் அது ஒரு பவுண்டைக்கூட எட்டாது.

இந்தச் சில்லறைக்காக ஒருவர் குளிர்காலத்திலேயே விதை போட்டு, கோடை முழுக்கக் காத்து, கடைசி இரவு விழித்திருக்கிறார் என்றால் அவர் தேடுவது பணம் இல்லை. தான் செய்த ஒன்றை, அந்த வேலையின் அருமை தெரிந்த இன்னொருவர் கையில் எடுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றோ இன்னும் வேண்டும் என்றோ சொல்ல வேண்டும். இந்த ஆசை மனிதரை எளிதில் விடுவதில்லை. அதை அடக்கமாகவும் நேர்மையாகவும் தீர்த்துக்கொள்ள ஓர் இடம் கிடைப்பதுதான் கடினம். மலர்க் கண்காட்சி அந்த இடத்தைக் கொடுத்தது. அதனாலேயே அது இத்தனை காலம் நிலைத்தது.

அதன் வேர் பழையது. 1631 மே 3 அன்று நாரிச் நகரில் மலர் வளர்ப்போர் கூடி விருந்து வைத்தார்கள். அந்த விருந்துக்கென்றே ரால்ஃப் நெவெட் என்பவர் எழுதிய நாடகம் ஒன்றும் அங்கே நடிக்கப்பட்டது. அடுத்த நூற்றாண்டில் இத்தகைய கூட்டங்கள் மதுவிடுதிகளுக்கு இடம் மாறின. ஆரிகுலா, துலிப், கார்னேஷன், ஹயசிந்த் போன்ற சில மலர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இதழின் வட்டம் எப்படி இருக்க வேண்டும், நிறம் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். வகுத்தவர்களில் பலர் உழைப்பாளிகள். லங்காஷயரில் கைத்தறி நெசவாளர்கள் ஆரிகுலாவைப் போற்றி வளர்த்தார்கள். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகர நெசவாளர்கள், இதழ் விளிம்பில் சரிகை போட்டாற்போல் கோடு ஓடும் ‘பிங்க்’ என்னும் மலர் ரகங்களை உருவாக்கினார்கள். தறி வீட்டிலேயே இருந்ததால் வெயில் ஏறும்போது எழுந்துபோய்த் தொட்டியை நிழலுக்கு நகர்த்த அவர்களால் முடிந்தது. வென்றவருக்குப் பரிசு பெரும்பாலும் ஒரு செப்புக் கெண்டி. 1836இல் தொடங்கிய வேக்ஃபீல்ட், வட இங்கிலாந்து துலிப் சங்கம் இன்றும் கண்காட்சி நடத்துகிறது. அங்கே துலிப் மலர்களை இன்றும் பழுப்பு நிற பீர் பாட்டில்களில்தான் நிறுத்தி வைக்கிறார்கள். மதுவிடுதியில் கைக்குக் கிடைத்த பாத்திரம் அது.

பழத்திலும் இதே வெறி இருந்தது. யார்க்‌ஷயரின் எக்டன் பிரிட்ஜ் கிராமத்தில் 1800இல் தொடங்கிய கூஸ்பெரிச் சங்கம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை கூடி, பழங்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்க்கிறது. இத்தகைய போட்டிகளின் எடைக் குறிப்புகளைச் சார்ல்ஸ் டார்வின் கவனமாகப் படித்தார். வளர்ப்பு விலங்குகளும் தாவரங்களும் மாறும் விதத்தைப் பற்றி 1868இல் அவர் வெளியிட்ட நூலில் அவை சான்றாக வருகின்றன. காட்டுக் கூஸ்பெரி ஏறக்குறைய 8 கிராம் எடை. 1852இல் ஸ்டாஃபர்ட்‌ஷயரில் ‘லண்டன்’ என்ற ரகத்தின் ஒரு பழம் இன்றைய அளவில் 58 கிராம் இருந்தது. ஏழு மடங்குக்கு மேல். விதையையும் கன்றையும் பொறுக்கி எடுத்து, நல்லதை வைத்து மற்றதை விட்டு, பழத்தை ஆண்டுக்கு ஆண்டு பெருக்கியவர்கள் பெயர் தெரியாத உழைப்பாளிகள். மதுவிடுதி மேசையில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க அவர்கள் போட்ட கணக்கு, உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்று காட்ட ஓர் அறிஞருக்குப் பயன்பட்டது.

டார்வினின் ஆசிரியர் ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார். கேம்பிரிட்ஜில் தாவரவியல் கற்பித்த ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ, ‘பீகிள்’ கப்பலுக்கு டார்வினைப் பரிந்துரைத்தவர். அவர் 1837இல் சஃபோக் மாவட்டத்தின் ஹிட்சம் கிராமத்துக்குப் பங்குக் குருவானவராக நியமிக்கப்பட்டார். வறுமை மிகுந்த ஊர் அது. நிலமற்ற விவசாயக் கூலிகளுக்குச் சிறு சிறு துண்டு நிலங்களை வாடகைக்குக் கொடுக்க அவர் முயன்றபோது பெரிய பண்ணைக்காரர்கள் எதிர்த்தார்கள். கூலியாள் தன் நிலத்துக்காக உடம்பைச் சேமித்துவைப்பான், தங்கள் வேலை கெடும் என்பது அவர்கள் அச்சம். ஹென்ஸ்லோ விடவில்லை. தம் வீட்டுப் புல்வெளியில் ஊர்க் கண்காட்சி நடத்தினார். கூலிகள் விளைத்த காய்கறிகளுக்குப் பரிசு கொடுத்தார். பக்கத்தில் ஒரு கூடாரத்தில் இயற்கைப் பொருள்களை அடுக்கி, அவற்றைப் பற்றிச் சுருக்கமாகப் பேசினார். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் காட்டுப் பூக்களைச் சேகரித்து வந்து அவற்றின் குடும்பப் பெயரைச் சொன்னார்கள்.

அந்த நூற்றாண்டில் இத்தகைய பல கண்காட்சிகளைத் தொடங்கியவர்கள் போதகர்களும் நிலக்கிழார்களும்தாம். ஏழைகள் மதுவிடுதிக்குப் போகாமல் மண்ணைக் கொத்தட்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. மேலிருந்து அறிவுரை சொல்லும் தொனியும் இருந்தது. ஆனால் மேசைமேல் வைத்த வெங்காயத்துக்கு அந்தத் தொனி தெரியாது. குடிசைவாசிகளுக்கெனத் தனிப் பிரிவு இருந்ததால், சம்பளத் தோட்டக்காரர்கள் பலரை வைத்திருந்த மாளிகையோடு மோதாமலே ஒரு கூலியாள் ஊரறியப் பெயர் வாங்க முடிந்தது. ஆண்டு முழுக்கக் கையைக் கட்டி நின்றவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

1887, 1908 ஆண்டுகளின் சட்டங்கள், கேட்பவர்களுக்குத் துண்டு நிலம் ஏற்பாடு செய்யும் கடமையை உள்ளாட்சிகளின் மேல் வைத்தன. வழக்கமான அளவு ஏறக்குறைய 250 சதுர மீட்டர். அந்தத் துண்டுகளில் டர்ஹம், நார்தம்பர்லாந்து வட்டாரத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் லீக் என்னும் வெங்காய இனக் கீரையை வளர்த்தார்கள். குட்டையாகவும் பருமனாகவும் வளரும் ரகம் அது. உரக் கலவையை மகனிடம்கூடச் சொல்லாதவர்கள் இருந்தார்கள் என்று அங்கே பேசிக்கொள்வதுண்டு. போட்டிக்கு முந்தைய இரவுகளில் பாத்திகளுக்குக் காவல் இருந்ததும் உண்மை. பொறாமையில் எதிரியின் செடிகளை இரவோடிரவாகக் கத்தியால் கீறிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. ஊரார் நடுவில் நிற்கும் எந்தப் போட்டியிலும் இந்த ஆபத்து உண்டு. அதை மறைத்து எழுதுவது கண்காட்சிக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நேர்த்தி என்பது என்ன என்று அறிய, போட்டிக்கு முந்தைய நாள் ஒரு தோட்டக்கொட்டகையைப் பார்த்தால் போதும். நீளக் கேரட்டுக்காக வளர்ப்பவர் மணல் நிரப்பிய பீப்பாயில் கடப்பாரையால் துளையிட்டு, துளைக்குள் சலித்த மண்ணை நிரப்பி விதை போட்டிருப்பார். இப்போது அதை வேர் நுனி அறாமல் வெளியே எடுக்க வேண்டும். உருளைக்கிழங்கை ஒரு பாத்தி முழுக்கத் தோண்டி, அவற்றுள் ஒத்த ஐந்தைத் தேடுவார். தோல் சிராய்க்காமல் மெத்தென்ற பஞ்சால் கழுவி, வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறாதபடி துணி போர்த்துவார். வெங்காயத்தின் தாளை மடித்து ராஃபியா நாரால் சுற்றிக் கட்டுவார். பட்டாணிதான் மிகவும் கடினம். அதன் தோலில் மெல்லிய சாம்பல் பூச்சு படிந்திருக்கும். விரல் பட்டால் போய்விடும். காம்பைப் பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்டி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, உள்ளே மணிகள் இடைவெளியின்றி நிறைந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்.

காலையில் மேசைகளில் வைத்து முடித்ததும் எல்லாரும் வெளியேற வேண்டும். பெயர் எழுதிய அட்டைகள் கவிழ்ந்திருக்கும். நடுவரைப் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வரவழைப்பார்கள். லண்டனில் 1804இல் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கம், 1861இல் ‘ராயல்’ என்ற அடைமொழி பெற்றது. அதன் கையேடு தரும் மதிப்பெண் முறையைத்தான் பல ஊர்கள் பின்பற்றுகின்றன. உருளைக்கிழங்குத் தட்டுக்கு மொத்தம் 20 மதிப்பெண். அளவு, வடிவம், கண்களின் ஆழம், தோலின் நிலை ஆகியவற்றோடு ஐந்தும் ஒன்றையொன்று ஒத்திருப்பதும் கணக்கில் வரும். வளர்ப்பது கடினமான பயிருக்கு மதிப்பெண்ணும் அதிகம். கண்காட்சியின் போட்டி அட்டவணையில் ஆறு பீன்ஸ் என்று இருந்து தட்டில் ஏழு இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் ‘அட்டவணைப்படி இல்லை’ என்று அட்டையில் எழுதிவிட்டு நடுவர் அடுத்த தட்டுக்குப் போய்விடுவார். போட்டியில் ஒரே ஒரு தட்டு இருந்தாலும் அதற்கு முதல் பரிசு நிச்சயமில்லை. தரம் போதாவிட்டால் இரண்டாம் பரிசோ மூன்றாம் பரிசோதான். ஆள் இல்லாததால் வெற்றி என்ற ஏற்பாடு இங்கே இல்லை.

நடுவர் காய்கறியைச் சுவைத்துப் பார்ப்பதில்லை. ருசிக்காக விளைவதை ருசி பார்க்காமல் எடைபோடுவது சரியா என்ற கேள்வி பலர் மனத்தில் எழும். கேள்வி நியாயமானதே. ஆனால் அங்கே மதிப்பிடப்படுவது உணவு இல்லை, வளர்த்தவரின் கவனம். ருசியில் மண்ணுக்கும் ரகத்துக்கும் வெயிலுக்கும் பெரும் பங்கு உண்டு. ஒரே பாத்தியில் ஐந்து கிழங்கை ஒரே அளவில், ஒரு வடுவும் இல்லாமல் எடுப்பதில் கைப்பழக்கத்துக்குப் பெரும் பங்கு. தற்செயலாக ஒரு கிழங்கு அழகாக வந்துவிடலாம்; ஐந்து அப்படி வராது. ஒத்திருத்தலுக்கு மதிப்பெண் கொடுப்பதன் நியாயம் இதுவே.

பிற இடங்களில் மனிதர் தம் வேலைக்குப் பெறும் மதிப்பீடு பெரும்பாலும் மங்கலானது. மேலதிகாரியின் மனநிலை, விற்பனைக் கணக்கு, கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தின் பாராட்டு என்று அது எதன்மீதோ தொங்குகிறது. இங்கே அளவுகோல் முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுக்கப்படுகிறது. தோற்றவர் பிற்பகல் இரண்டு மணிக்குக் கூடத்துக்குள் வந்து, வென்ற தட்டின் முன் நின்று, தன்னுடையதில் என்ன குறை என்று தானே கண்டுகொள்ளலாம். நடுவரிடம் கேட்டாலும் சொல்வார். வென்றவர் பக்கத்துத் தெருக்காரர். நாளை கடையில் சந்திக்க வேண்டியவர். தோல்வியை முகம் கொடுத்து ஏற்கவும் வெற்றியை அளவோடு வைத்துக்கொள்ளவும் இந்த நெருக்கமே பழக்குகிறது. இது எளிதில் வாய்க்காத பழக்கம், வயதானவர்களுக்கும்கூட.

பெரும்பணம் வந்து சேர்ந்த போட்டியும் உண்டு. 1911இல் ‘டெய்லி மெயில்’ நாளிதழ் ஸ்வீட் பீ மலர்க்கொத்துக்கு 1,000 பவுண்டு பரிசு அறிவித்தது. லண்டன் கிரிஸ்டல் பேலஸுக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கொத்துகள் வந்தன. ஸ்காட்லாந்து எல்லையோரம் ஸ்ப்ரௌஸ்டன் என்ற சிற்றூரின் போதகர் டென்ஹோம் ஃப்ரேசரின் மனைவிக்கு முதல் பரிசு, போதகருக்கு மூன்றாம் பரிசு. இத்தனை பெரிய தொகைக்கும் வென்றது ஒரு வீட்டுத் தோட்டத்துப் பூதான். ஆனாலும் கிராமக் கண்காட்சியின் இயல்பு வேறு. அங்கே வெள்ளிக் கோப்பை வெல்பவர் அதை ஓராண்டு மட்டுமே வைத்திருக்கலாம். தன் பெயரைப் பொறித்து, துடைத்து, அடுத்த கண்காட்சிக்கு முன் திருப்பித் தர வேண்டும். தோட்டப் பிரிவுகளில் மொத்தப் பரிசுத் தொகையில் முன்னிற்பவருக்கு ராயல் தோட்டக்கலைச் சங்கம் தரும் பேங்க்ஸ் பதக்கத்தை, கடந்த இரண்டு ஆண்டுகளில் பெற்றவர் மறுபடி பெற முடியாது. எவரையும் நிரந்தர வெற்றியாளராக விடாத விதி இது.

இந்த வழக்கம் ஆங்கிலேயரோடு இந்திய மலைகளுக்கும் வந்தது. உதகமண்டலத்தில் 1896இல் தொடங்கிய மலர்க் காட்சி இந்த மரபின் கிளை. இன்று லட்சக்கணக்கானோர் காண வரும் அரசு விழாவாக அது வளர்ந்துவிட்டது. அதையொட்டி வீட்டுத் தோட்டங்களுக்கு நடக்கும் போட்டியில் மூல மரபின் சாயல் இன்னும் தெரிகிறது.

பெண்களின் பங்கு பெருகியது மாதர் சங்கங்கள் வந்த பிறகு. பிரிட்டனில் முதல் சங்கம் 1915இல் வேல்ஸின் லான்வைர்புல் ஊரில் தொடங்கியது. ஜாமுக்கும் கேக்குக்கும் அவர்கள் வகுத்த விதிகள் கறாரானவை. ஜாம் பாட்டில் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும், மூடியில் கடைப் பெயர் தெரியக்கூடாது. விக்டோரியா கேக்கின் நடுவில் ராஸ்பெரி ஜாம் மட்டுமே, க்ரீம் கூடாது. ஆறவைத்த கம்பித் தட்டின் தடம் மேலே விழுந்திருந்தால் மதிப்பெண் போகும். சமையல் பிரிவில் நடுவர் கட்டாயம் சுவைத்துப் பார்ப்பார்.

இன்று பல ஊர்களில் நடத்துபவர்களின் வயது ஏறிவருகிறது. கூடாரம் அடிக்க, மேசை தூக்க, கட்டணம் வாங்கிப் பதிவு செய்ய ஆள் கிடைப்பது சிரமமாகிவிட்டது. சில கண்காட்சிகள் நின்றுபோயின. தொடர்கிறவை வாசலை அகலப்படுத்துகின்றன. முதன்முறை பங்கேற்பவருக்குத் தனிப் பிரிவு, ஆண்கள் மட்டும் செய்யும் கேக்குக்கு ஒரு பிரிவு, கோணல்மாணலான காய்க்கு ஒரு பிரிவு, தட்டில் தோட்டம் அமைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பிரிவு. மாலை நான்கு மணிக்குப் பரிசளிப்பு முடிந்ததும் உரியவர் எடுத்துச் செல்லாத காய்களையும் பூக்களையும் பல ஊர்களில் ஏலம் விடுவார்கள். முதல் பரிசு வாங்கிய வெங்காயம் அன்று இரவே யாரோ ஒருவர் வீட்டில் குழம்பாகும். ஏலத்தில் சேரும் தொகை, அடுத்த ஆண்டுக் கூட வாடகைக்கும் அட்டவணைப் புத்தகம் அச்சடிக்கும் செலவுக்கும் போகும்.