அறியாது செய்த பிழையும் அறிந்து மறைத்தலும்

சென்ற கார்த்திகைத் திங்களில் ஒரு சோமவாரத்து மாலை, தூத்துக்குடிச் சங்கர ராமேசுவரர் திருக்கோயிலிற் சாயரட்சை காண வேண்டும் என்னும் விரைவினால், வீட்டு வாயிலில் நின்ற மோட்டார் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தினேன். கட்டுரையில் ‘யாம்’ என்று எழுதுவதே மரபாயினும், ஈண்டுச் சொல்லப் புகுந்த பிழை என் ஒருவனுடையதேயாகலின் ‘யான்’ என்றே எழுதுகின்றேன். எதிர்வீட்டார் தம் காரைச் சுவரோரமாக நிறுத்தியிருந்தனர். மெல்லிய ஓர் ஒலி கேட்டது. இறங்கி நோக்கினேன். அக்காரின் கதவுத் தகடு சிறிது உள்வாங்கி, ஒரு சாண் நீளத்திற்கு வண்ணம் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. தெருவில் ஒருவரும் இலர். பூசைக்கு நேரமாகின்றது, வந்து சொல்லிக்கொள்வோம் என்று போய்விட்டேன். திரும்பியபோது அவர் வீட்டு விளக்கு அணைந்திருந்தது.

மறுநாட் காலை அவர் தெருவில் நின்று உரத்துப் பேசுங் குரல் கேட்டது. குடிநீர்க் கேன்களைச் சுமை ஆட்டோவிற் கொணர்ந்து இறக்கும் இளைஞன் ஒருவனை நிறுத்தி, ‘நீ அன்றி வேறு யார் இந்நேரத்தில் வண்டி திருப்புகின்றார்?’ என்று கடிந்துகொண்டிருந்தார். அவன், தான் அல்லன் என்று சொல்லச் சொல்ல அவர் சினம் மிகுந்தது. முதலாளியிடம் முறையிடுவதாகவும் கூறினார். யான் திண்ணையிற் செய்தித்தாளை விரித்தபடி இருந்தேன். வாய் திறந்திலேன்.

மூன்றாம் நாள் மாலையே அவரிடஞ் சென்று உண்மையைச் சொன்னேன். இடைப்பட்ட பொழுதில் என் நெஞ்சம் எனக்கு எடுத்துக் கொடுத்த சமாதானங்களுட் பல நம் சாத்திரங்களினின்றே எடுக்கப்பட்டவை. சித்தாந்த நூல்களைச் சிறிதே பயின்றவனுக்கும் அவை எத்துணை எளிதில் ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடுகின்றன என்று கண்டு வெட்கினேன். அதுவே இதனை எழுதுதற்குக் காரணம்.

முதலாவது, கருத்தின்றி நிகழ்ந்தது வினையாகாது என்பது. இடித்தல் வேண்டும் என்று யான் எண்ணவில்லை, கண்ணாடியில் நோக்கியே வந்தேன், இருள் மறைத்தது. புத்தி பூர்வம் அன்றாகலின் பாவமும் அன்று எனின், அற்றன்று. என்னை? திருமறைக்காட்டுத் திருக்கோயிலில் விளக்கின் நெய்யை உண்ண வந்த எலி, அவியுந் திரியைத் தன்னை அறியாமலே தூண்டி, அப்பயனால் மாவலியாய்ப் பிறந்தது என்கின்றோம். வில்வ மரத்திலிருந்த குரங்கு தான் அறியாது இலைகளைச் சிவபெருமான் மீது உதிர்த்து, முசுகுந்தச் சக்கரவர்த்தியாயிற்று என்கின்றோம். இவற்றை அபுத்தி பூர்வ சிவபுண்ணியம் என்று பெயரிட்டுப் பேசி மகிழ்கின்றோம். அறியாது தூண்டிய திரிக்குப் பயன் உண்டாயின், அறியாது நெளித்த தகட்டிற்கும் உண்டாதல் வேண்டும். வரவு எழுதுதற்கு ஓர் ஏடும் செலவு எழுதுதற்கு வேறோர் ஏடும் வைத்துக்கொள்ளல் முறையன்று. கருதிச் செய்த தீமைக்கும் கருதாது செய்ததற்கும் அளவில் வேற்றுமை உண்டு. அதனை யாரும் மறுப்பாரல்லர். அளவு குறைதல் வேறு, இல்லையாதல் வேறு.

இரண்டாவது சமாதானம் இன்னும் நுண்ணியது. எதிர்வீட்டார்க்கு வந்த இழப்பு அவர் பிராரத்தம். நுகர்தற்கு உரியதை அவர் நுகர்ந்தார். யான் அவ்வினை வந்து பொருந்துதற்கு வாயிலாயினேன், அவ்வளவே என்பது. இதன் முற்பகுதி பொய்யன்று. துன்பம் வருவது ஒருவன் முன்செய்த வினைக்கு ஈடாகவே என்பது நம் கொள்கையே. ஆயினும் ஒரே நிகழ்ச்சி அவருக்கு நுகர்வாகவும் எனக்குச் செயலாகவும் இருவேறு கணக்கிற் பதியப்படும் என்பதையும் அக்கொள்கையே கூறுகின்றது. அன்றாயின், கள்வனும் தான் பிறர் பிராரத்தத்திற்கு வாயிலாயினேன் என்று கூறித் தப்புவான். உலகில் ஆகாமியம் என்பதொன்றே இல்லாதொழியும். தம் இழப்பை வினைப்பயன் என்று எண்ணி ஆறுதல் பெறும் உரிமை எதிர்வீட்டார்க்கு உண்டு. அவர் சார்பில் யான் அவ்வாறுதலை அடைந்துகொள்வது எங்ஙனம்?

மூன்றாவது, எல்லாம் சிவன் செயல் என்பது. இதனைக் கூறும்போது, இவ்வூரிலிருந்தே சிவஞானபோதத்திற்கு உரையெழுதி 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் நினைவிற்கு வருகின்றார்கள். கப்பலோட்டிய பெரியார் என்று அவர்களைப் போற்றுவோர் பலர். சித்தாந்த நூலுக்கு உரைகண்டவர் என்று அறிந்தோர் சிலரே. அது கிடக்க. அந்நூலின் இரண்டாஞ் சூத்திரம் உயிர்கள் இருவினைக்கு ஈடாகப் போக்குவரவு புரிதல் இறைவன் ஆணையால் என்பதை உணர்த்துகின்றது. பத்தாஞ் சூத்திரமோ, அவனோடு ஒன்றி இறைபணியில் நிற்பானுக்கு மலமும் மாயையும் வல்வினையும் இல்லையாகும் என்கின்றது. தன் செயல் என்பது அற்று எல்லாம் அவன் செயல் எனக் காணும் நிலை இப்பத்தாஞ் சூத்திரத்திற்கு உரியது. யான் அந்நிலையில் நின்றேனா என்று எண்ணிப் பார்த்தேன். தகடு நெளிந்தது சிவன் செயலாகத் தோன்றிற்று. அதனைச் செப்பனிடக் கொடுக்க வேண்டிய பணம் மட்டும் என் பொருளாகவே தோன்றிற்று. இறைபணி நிற்றலாவது இத்துணை வசதியானதன்று என்பது தெளிவு.

காப்பீட்டு நிறுவனம் கொடுக்குமே என்பதும் ஒரு சமாதானமாக வந்தது. இது சாத்திரத்தினின்று வந்ததன்று. அவர் தம் காப்பீட்டினின்று அத்தொகையைப் பெறுவாராயின், உரிமை கோராத ஆண்டுகளுக்காக 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடுவரை ஏறும் கட்டணத் தள்ளுபடியை இழப்பார். இதனை ஆராய மேலும் இடம் வேண்டா.

இனி, உண்மையான பிழை எங்கே தொடங்கிற்று என்பதைக் காண்போம். வண்டி முட்டியது ஒரு கணம். அதன்பின் நின்ற ஒவ்வொரு நாழிகையும் யான் அறிந்து செய்த செயலே. பேசாமையும் செயலோ எனின், ஆம். நம்மூர்க் காற்று உப்புக் காற்று. ஒருபால் கடலும் ஒருபால் உப்பளங்களும் சூழ்ந்த இவ்வூரில், வண்ணம் பெயர்ந்த இரும்பு, மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாளில் துருக்கொள்ளும். அன்றே அறிந்தாராயின் எதிர்வீட்டார் அதற்கு மேற்பூச்சேனும் இட்டிருப்பர். என் மௌனம் அத்தகட்டின்மேல் நாடோறும் வேலை செய்துகொண்டிருந்தது. அதனினும் கொடிது, அவ்விளைஞன் மீது அது செய்த வேலை. வண்டி முட்டியதில் அவனுக்கு ஒரு தொடர்பும் இல்லை. அவனை இதனுட் கொணர்ந்து சேர்த்தது என் வாய் அடைத்தலேயாம். அபுத்தி பூர்வம் என்று யான் ஆறுதல் கொண்ட செயல், திண்ணையிற் செய்தித்தாளை விரித்தபோதே புத்தி பூர்வமாய் மாறிவிட்டது.

இக்கடற்கரையில் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கரையேற்றிய சிப்பிகளைத் திறவாமலே குவியல் குவியலாக ஏலம் விடுவர். உள்ளே விலையுயர்ந்த முத்து இருப்பினும் இருக்கும். வெறுஞ் சிப்பியாயினும் ஆகும். வாங்கினோன் இழப்பினும் விற்றோன்மீது குற்றம் இல்லை. உள்ளிருப்பது இருவர்க்கும் ஒப்பத் தெரியாதாகலின். விற்போன் மறைவில் திறந்து நோக்கி மீண்டும் மூடி வைத்தானாயின், சிப்பி அதுவே, விலையும் அதுவே, வணிகம் மட்டும் வஞ்சனையாகிவிடும். அவ்விரண்டு நாளும் யான் எதிர்வீட்டாரோடு வணக்கஞ் சொல்லிப் பழகியது திறந்து மூடிய சிப்பியை விற்றதனோடு ஒக்கும்.

ஈண்டுத் திருவாரூர்த் தேர்க்காலை நினையாதார் இரார். மனுவேந்தனின் நீதியைப் புகழும் நாம், அவன் மைந்தன் அப்போது செய்தது யாது என்று பெரும்பாலும் நோக்குவதில்லை. கன்று தேர்க்காலில் வீழ்ந்தது ஒருவரும் அறியாத வகையில். அரசிளங்குமரன்பால் கருத்தும் இல்லை, கவனக்குறைவும் இவ்வளவினது என்று சொல்லத்தக்கதில்லை. அவன் நெஞ்சழிந்து வருந்தினான், அதுவும் மெய்யே. ஆயின் சேக்கிழார் பெருமான் காட்டும் ஒரு செய்தி கூர்ந்து நோக்கற்பாலது. அந்தணர் விதிக்கும் கழுவாய் உளதாயின் தந்தை அறியுமுன் அதனைச் செய்து முடிப்பல் என்று அவன் அவர்பாற் செல்கின்றான். தாய்ப்பசுவோ அரண்மனை வாயிலுக்குச் சென்று மணியை அசைக்கின்றது. துன்பஞ் செய்தோன் ஒருபக்கம் போக, துன்புற்ற உயிர் மற்றொரு பக்கம் நடக்கின்றது. அமைச்சரும் பின்னர் அக்கழுவாயையே அரசற்குக் கூற, அதனால் அப்பசுவின் துயர் தீருமோ என்று அவன் மறுத்துவிடுகின்றான். அவன் விதித்த தண்டம் நம்மனோர்க்கு அளவுகோலாகாது. எதிர்வீட்டுக் கதவுத் தகட்டிற்கு அத்தகைய பெருநீதி வேண்டுவதும் அன்று. யாரிடஞ் சென்று தீர்க்க வேண்டும் என்று அவன் கேட்ட கேள்வியே நமக்கு வேண்டுவது.

ஏனெனில் யானும் அவ்வரசிளங்குமரன் சென்ற வழியே சென்றேன். அச்சோமவாரத்தன்று சந்நிதியில் வழக்கத்தினும் நெடுநேரம் நின்றேன். உண்டியலில் வழக்கத்தினும் மிகுதியாக இட்டேன். பட்டறைக்காரன் கேட்கக்கூடிய தொகை எவ்வளவு என்று அப்போதே ஒரு கணக்கு மனத்தில் ஓடியதையும் மறைத்தற்கில்லை. வழிபாட்டைக் குறை கூறுகின்றேன் என்று யாரும் கொள்ளற்க. எதிர்வீட்டார்க்குரிய கடனைச் சிவபெருமானிடஞ் செலுத்திவிட்டு அவரிடம் பற்றுச்சீட்டுக் கேட்பது வழிபாடு அன்று என்பதே என் கருத்து.

உலகியற் சட்டமும் இதனைத் தன் அளவிற் கண்டிருக்கின்றது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, விபத்தினாற் பிறர் உடைமைக்குச் சேதம் நேர்ந்தவழி, காவலர் அங்கிலராயின், ஓட்டுநர் அண்மையிலுள்ள காவல் நிலையத்தில் 24 மணி நேரத்திற்குள் அறிவித்தல் வேண்டும் என்கின்றது. கடற் சட்டம் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. கப்பல்கள் மோதிக்கொண்டால், ஒவ்வொரு தலைவனும் மற்றதற்கு உதவி புரிவதோடு, தன் கப்பலின் பெயரையும் அது எத்துறைமுகத்தது என்பதையும் மற்றக் கப்பலுக்கே அறிவித்தல் வேண்டும் என 1910ஆம் ஆண்டின் பிரசல்சு உடன்படிக்கை விதித்தது; 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கையும் அதனை வழிமொழிகின்றது. நங்கூரமிட்டு நிற்கும் கப்பலை ஓடுங் கப்பல் முட்டினால் பிழை ஓடியதன்மேலது என்றே முதற்கண் கொள்ளப்படும் என்று 1895ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘ஓரிகன்’ என்னும் கப்பலின் வழக்கில் தீர்ப்பளித்தது. நின்ற காரை முட்டிய எனக்கு இருளைக் குறை கூற இடமில்லை. நம் துறைமுகத்திற்கு வரும் அயல்நாட்டு மாலுமி நடுக்கடலில், காண்பாரற்ற இரவில், முகம் அறியாதவனுக்குத் தன் பெயர் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றான். யான் சொல்ல வேண்டியிருந்தது நாடோறும் காண்பவருக்கு, பன்னிரண்டு அடி அகலத் தெருவைக் கடந்து.

எறிபத்த நாயனார் வரலாற்றில் வரும் புகழ்ச்சோழரை ஈண்டு ஒருவாறு எண்ணுதல் வேண்டும். கருவூரில் சிவகாமியாண்டாரின் பூக்கூடையைப் பறித்துச் சிந்தியது பட்டத்து யானை. மன்னர் அவ்விடத்தில் இருந்தாருமல்லர். யானையும் பாகரும் வெட்டுண்டு கிடப்பதைக் கேட்டுச் சினந்து வந்தவர், நிகழ்ந்தது இன்னதென்று அறிந்த அளவிலே, என் யானை செய்தது என் பிழை, இத்தண்டம் போதாது என்று தம் வாளையே நீட்டினார். தாம் காணாததற்கும் தம்மைப் பொறுப்பாளியாக்கிக்கொள்ள அவர்க்கு ஒரு கணம் போதுமாயிருந்தது. தானே செலுத்திய வண்டிக்கு எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் எதிர்வீட்டார் யான் சொன்னதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். ‘அண்ணாச்சி, அன்றைக்கே சொல்லியிருந்தால் வண்ணம் பூசுவதோடு போயிருக்கும், துரு ஏறிவிட்டது’ என்றார். செலவு முழுதும் என்னுடையது என்றேன். அதற்கு அவர் விடை கூறாமல், ‘அந்தப் பையனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேனே’ என்றார். அவனை முதலாளி அதற்குள் வேறு தெருவிற்கு மாற்றியிருந்தார். இருவருமாக விசாரித்துச் சென்று மறுநாள் அவனைக் கண்டோம். யான் சொல்லத் தொடங்கியதை முற்றும் கேளாமலே, ‘பரவாயில்லை ஐயா’ என்று கூறி, கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டான். அவன் இறங்கி வருமளவும் கீழே நின்றிருந்தோம்.