சேமிப்பா, பதுக்கலா?

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சிறு தொண்டுச் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் எழுந்து, "வங்கியிருப்பு சென்ற ஆண்டைவிட அதிகம்" என்றதும் கைதட்டல் எழுகிறது. அது பெருமைக்குரிய செய்திதானா?

நம் பங்குகளில் பணிபுரியும் வின்சன் டி போல் சபை, 1833ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிரடெரிக் ஒசானாமும் தோழர்களும் தொடங்கியது. உறுப்பினர் தமக்குள் இரகசியக் காணிக்கை எடுத்து, ஏழைகளின் இல்லம் நாடிச் செல்வது அதன் வழக்கம். பணத்தைக் குவித்து வைக்கலாகாது என்பது அதன் விதி. காரணம் தெளிவு: கொடுத்தவர் வங்கிக்காகக் கொடுக்கவில்லை, ஏழைக்காகக் கொடுத்தார். சங்கம் இடையில் நிற்கும் கை மாத்திரமே.

அப்படியானால் சேமிப்பே தவறா? அன்று. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையை மூழ்கடித்தபோது, அரிசியும் பாயும் அன்றைக்கே தேவைப்பட்டன. எகிப்தில் யோசேப்பு ஏழாண்டுகள் தானியம் சேர்த்தார். பஞ்சம் வந்ததும் களஞ்சியங்களைத் திறந்துவிட்டார். நற்செய்தியில் வரும் செல்வனும் தானியம் சேர்க்கவே களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணினான். முன்னவரின் சேமிப்புக்கு நோக்கமும் திறக்கும் வேளையும் இருந்தன. பின்னவனின் சேமிப்பு அவனுக்காகவே இருந்தது.

ஆகவே சங்கங்கள் இரண்டு காரியங்களைச் செய்யலாம். முதலாவது, உறுப்பினர் சந்தாவையும் பொதுமக்கள் தந்த பணத்தையும் வேறுவேறு கணக்கில் வைப்பது. லயன்ஸ் கழகங்களில் இது கட்டாயம்; மக்களிடம் திரட்டியதை நிர்வாகச் செலவுக்குத் தொடக்கூடாது. இரண்டாவது, ஒதுக்கிவைக்கும் தொகைக்கு நோக்கத்தையும் உச்ச அளவையும் தவணையையும் குறிப்பது. ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பொறுப்பேற்றிருந்தால், அது முடியும்வரை வேண்டிய பணத்தை ஒதுக்குவது கடமை. "எதற்கும் இருக்கட்டும்" என்பது நோக்கமாகாது.

பணம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்வோர் 2022ஐ நினைக்கவேண்டும். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி ஓராண்டுக்கு முந்தியதைவிட ஏறக்குறைய 70 சதவீதம் ஏறியிருந்தது. 100 ரூபாவுக்கு வாங்கியதற்கு 170 ரூபா வேண்டியிருந்தது. வங்கிப் புத்தகத்தில் தொகை குறையவில்லை. ஏழைக்குச் சேரவேண்டிய அரிசிதான் குறைந்தது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இருப்பு எவ்வளவு என்று மட்டும் கேளாதீர்கள். அது வங்கியில் கிடந்தபோது எத்தனை வீடுகளுக்கு "பணமில்லை" என்று சொன்னோம் என்பதையும் கேளுங்கள்.