பிளம்பர்மீது கோபப்படலாமா?

கூலிக்கு வந்த ஒருவர் வேலையைக் கெடுத்துவிட்டுப் போனால் அவர்மீது கோபப்படலாமா? படலாம், ஏன் படக்கூடாது என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்குகிற என்னைப் போன்றவனுக்கு, தினக்கூலிக்காரர்மீது கோபம் வரும்போதே கூடவே ஒரு கூச்சமும் வந்துவிடுகிறது. அந்தக் கூச்சம் நல்லதுதானா என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யோசிக்க வைத்தது ஒரு கழிப்பறை. சென்னையில் நாங்கள் இருக்கும் பழைய அடுக்குமாடியில் பாத்ரூமைப் புதுப்பித்தோம். மேஸ்திரி கூட்டிவந்த பிளம்பர் புது கமோடைப் பொருத்திக் கொடுத்தார். பேசிய பணத்தை முழுசாகக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் கமோடு ஆட ஆரம்பித்தது. அடியில் சுற்றிப் பூசியிருந்த வெள்ளை சிமென்ட்டில் விரிசல் விட்டது. அப்புறம் நாற்றம். அப்புறம் கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, "தம்பி, எங்க பாத்ரூம் சீலிங்ல ஈரம் பரவுது, கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்றார்.

தரையில் நிற்கும் கமோடு அடிப்படையில் மூன்று விஷயங்களை நம்பி இருக்கிறது. முதலாவது, அதன் வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர். சுமார் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும் அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. இந்த வளைவுக்கு 1775இல் லண்டனில் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கம்மிங், தொழிலால் கடிகாரம் செய்பவர். இரண்டாவது, கமோடின் வாயும் தரைக்குள் போகும் நான்கு அங்குலக் குழாயும் சேரும் இணைப்பு. மூன்றாவது, கமோடைத் தரையோடு பிடித்து வைக்கும் ஸ்க்ரூக்கள்.

எங்கள் வீட்டில் முதலாவது மட்டும்தான் சரியாக இருந்தது, அது தொழிற்சாலையிலேயே செய்து வந்தது என்பதால். பழைய குழாயின் வாயும் புது கமோடின் வாயும் ஒன்றரை அங்குலம் விலகியிருந்தன. இப்படி விலகல் இருந்தால் ரப்பர் வளையம் வைத்த ஆஃப்செட் கனெக்டர் என்று ஒன்று கடையில் கிடைக்கிறது, அதைப் போட வேண்டும். இங்கே அந்த இடைவெளியில் சிமென்ட்டை அடைத்திருந்தார்கள். ஸ்க்ரூ ஒன்றுகூட இல்லை. சிமென்ட் வளைந்து கொடுக்காது. ஆள் உட்கார்ந்து எழும்போதெல்லாம் கமோடு துளி அசையும், ஒட்டு விடும். இதெல்லாம் கழற்றிப் பார்த்த பிறகு தெரிந்தது. வேலை முடிந்த அன்று எல்லாம் பளபளவென்றுதான் இருந்தது.

கழற்றுவதற்கு முன்பு, என்ன செய்யலாம் என்று இரண்டு நண்பர்களிடம் கேட்டேன். ஒருவன் சொன்னான்: "விடு மச்சி, அவங்கல்லாம் அப்படித்தான். வேற ஆளக் கூப்ட்டு முடிச்சிடு." இன்னொருவன் இடதுசாரி, அவன் சொன்னது: "பாவம்டா, அன்னாடங்காய்ச்சி. அவர்கிட்ட போயி கணக்குக் கேப்பியா?" முதல் பேச்சில் இளக்காரம், இரண்டாவதில் இரக்கம். ஆனால் இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: அந்த மனிதரைத் திரும்பக் கூப்பிடாதே, அவரிடம் எதுவும் கேட்காதே.

பிரிட்டிஷ் தத்துவவாதி பி.எஃப். ஸ்ட்ராசன் 1962இல் 'சுதந்திரமும் மனக்கசப்பும்' என்ற கட்டுரையில் இதற்குப் பக்கத்தில் ஓர் இடத்தைத் தொடுகிறார். ஒருவர் தெரியாமல் என் கையை மிதித்தாலும் நான் ஒரு பொருட்டே இல்லை என்று மிதித்தாலும் வலி ஒன்றுதான். மனதில் கசப்பு வருவது இரண்டாவதில்தான். ஏனென்றால் அந்தக் கசப்பு அவர் என்னை எப்படி நினைத்தார் என்பதைப் பற்றியது. அதே ஸ்ட்ராசன் இன்னொரு பார்வையையும் சொல்கிறார்: எதிரில் இருப்பவரை நம்மோடு உறவாடும் மனிதராகப் பார்க்காமல், சமாளிக்க வேண்டிய, கையாள வேண்டிய ஒன்றாகப் பார்ப்பது. அப்படிப் பார்க்கும்போது கோபம் வராது. மழைமீது யாராவது கோபித்துக்கொண்டு விளக்கம் கேட்பார்களா? குடை எடுத்துக்கொண்டு போவோம், அவ்வளவுதான்.

என் இரு நண்பர்களும் பிளம்பரை மழையாக்கிவிட்டார்கள். ஒருவன் எரிச்சலோடு, ஒருவன் அன்போடு.

எங்கள் துறையை நினைத்துப் பார்க்கிறேன். கோடில் பிழை வந்தால் எழுதியவர் பேரில் டிக்கெட் விழும். ஏன் இப்படி ஆனது, எந்த அவசரத்தில் ஆனது, இனி வராமலிருக்க என்ன செய்யலாம் என்று நாலு பேர் உட்கார்ந்து கேட்பார்கள். பதில் சொல்ல நேரம் உண்டு. மாதக் கடைசியில் சம்பளம் குறையாது. அலுப்பான சடங்குதான். ஆனால் உன் வேலைக்கு நீ பதில் சொல்லக்கூடிய ஆள் என்று ஒவ்வொரு முறையும் அது ஒருவருக்குச் சொல்கிறது. பிளம்பருக்கு இந்த உட்கார்ந்து கேட்கும் பகுதி கிடைப்பதே இல்லை. ஒன்று திட்டு, இல்லையென்றால் கூலியில் பிடித்தம், அதுவும் இல்லையென்றால் போன் நம்பரை அழித்துவிடுதல்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நம் ஊரில் கோபம் எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் பாய்ந்திருக்கிறது. அதிலும் கழிப்பறை சார்ந்த வேலை செய்பவர்மீது பாய்ந்த கோபத்தில் சாதி இல்லாமல் இருந்ததே இல்லை. அதனால் என் நண்பனின் கூச்சம் வெறும் பாசாங்கு அல்ல. அதற்கு வரலாறு இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வரலாற்றில் கோபப்பட்டவர்கள் யாரும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. திட்டுக்கும் கேள்விக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஐம்பது வயதிருக்கும். கமோடைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஏண்ணே, கனெக்டர் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கணும் தம்பி. அன்னிக்கு உங்களோட சேத்து மூணு வீடு. கடைக்குப் போயிட்டு வந்தா ஒரு மணி நேரம் போயிடும், மேஸ்திரி கத்துவாரு. சிமென்ட்டே நிக்கும்னு நெனச்சேன்."

"ஸ்க்ரூ?"

"அது என் தப்புதான். டைல்ஸ் ஒடஞ்சிடுமோன்னு விட்டுட்டேன்."

இந்தப் பதிலில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று சூழ்நிலை, இன்னொன்று தன்னுடையது. அவரே பிரித்துச் சொன்னார். 'பாவம்' என்று விட்டிருந்தால் எல்லாவற்றையும் சூழ்நிலைமேல் போட்டிருப்பேன். 'அவங்க அப்படித்தான்' என்றிருந்தால் எல்லாவற்றையும் அவர்மேல் போட்டிருப்பேன். இரண்டுமே தவறாக இருந்திருக்கும்.

நான் கனெக்டர், ஸ்க்ரூ, சிலிக்கான் வாங்கி வந்தேன். அவர் அன்று முழுக்க உட்கார்ந்து சரிசெய்தார். கூலி வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை. தன் வேலைக்குத் தானே பொறுப்பெடுத்துக்கொண்ட ஒருவர் கையில் பணத்தைத் திணித்தால், அந்தப் பொறுப்பைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. ஆனால் ஒரே நாளில் மூன்று வீடு என்று கணக்குப் போட்டவர் அவர் இல்லையே. மேஸ்திரியைக் கூப்பிட்டு, அந்த நாள் கூலியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்றேன். மூன்று முறை பேசிய பிறகு பாதி கொடுத்தார். நியாயம் முழுசாக நடக்கவில்லை. அந்த மீதிப் பாதி அவர் கையைக் கடித்ததுதான், என் கையை அல்ல. வற்புறுத்தாமல் இருந்தது சரிதானா என்ற சந்தேகம் இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

பெருந்தன்மையாக விட்டுவிடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விட்டுக்கொடுக்கும் உரிமை என்னிடம் மட்டும் இல்லை. ஒழுகியது கீழ்வீட்டு அம்மாவின் தலைக்குமேல். அதோடு, குழாய்க்குள் விழுந்து கிடந்த சிமென்ட் கட்டிகளை அன்று அவர் கையாலேயே எடுத்துப்போட்டார். அவை அங்கேயே கிடந்திருந்தால் என்றாவது அடைப்பு வரும். அடைப்பை எடுக்க யாரைக் கூப்பிடுவோம்? மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ள வைப்பதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் இன்னும் கடுமையான ஒன்று வந்து, பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. அப்புறமும் ஆட்கள் இறக்கப்படுகிறார்கள், இறந்துபோகிறார்கள். பிளம்பரிடம் நான் காட்டும் தாராளத்துக்கான விலையை, அவருக்கும் கீழே நிறுத்தப்பட்ட இன்னொருவர் கட்ட நேரிடலாம். அவரிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே என் பதில்: கோபப்படலாம். அவரைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, காரணம் கேட்டு, அந்தக் காரணம் மேஸ்திரியையோ நம் அவசரத்தையோ காட்டினால் அங்கேயும் போய் நிற்கத் தயாராக இருக்கும் கோபமாக இருந்தால். அப்படி நிற்க நேரமில்லை என்றால் கோபத்தையும் விட்டுவிடுவது நல்லது. ஆனால் அதற்கு இரக்கம் என்று மட்டும் பெயர் வைக்க வேண்டாம்.