மூச்சு விடுதல்



மூச்சைச் சற்று நேரம் அடக்கிப் பாருங்கள். நெஞ்சு தவிக்கத் தொடங்கும். ஒட்சிசன் போதாமையே காரணம் என எண்ணுகிறோம். உண்மையில், குருதியில் தேங்கும் காபனீரொட்சைட்டை உணர்ந்தே மூளை முதலில் அவசரப்படுத்துகிறது.

நம் சுவாசப்பைகளில் ஏறக்குறைய 30 கோடி சிற்றறைகள் உள. மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கிலும் மெல்லிய அவற்றின் சுவரூடாக ஒட்சிசன் குருதிக்குட் செல்ல, காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. உட்செல்லும் காற்றில் 21 வீதமாயிருந்த ஒட்சிசன், வெளிவரும் காற்றில் 16 வீதமாகிறது. எடுப்பதும் விடுவதும் சேர்ந்ததே சுவாசம். தமிழிலோ அதனை 'மூச்சு விடுதல்' என்றே சொல்கிறோம்.

ஆன்மாவுக்கும் இதுவே நியதி. ஞாயிறுதோறும் நற்கருணை உட்கொள்கிறோம். ஆனால் வேலிச் சண்டையால் உடன்பிறந்தவனோடு பத்தாண்டுகளாகப் பேச்சில்லை. விடவேண்டியதை விடாமல் எடுத்துக்கொண்டேயிருந்தால் ஆன்மா தவிக்காதா?

உயிர்த்த ஆண்டவர் சீடர்கள்மேல் ஊதித் தூய ஆவியை அளித்த வேளையிலேயே பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தையும் அளித்தார் (யோவான் 20:22-23). அம்மன்னிப்பைப் பெற்று வாழும் நாம் பிறருக்கு அதனை மறுக்கலாமா?

அடுத்த பூசைக்கு முன்னர் அண்ணன் வீட்டுப் படலையைத் திறவுங்கள். நெஞ்சிலுள்ளதை விட்டுவிடுங்கள். மூச்சு தானாக வரும்.