மரபுரிமையும் மரபுக்கடனும்

பாடசாலைகளிலே மரபுரிமைக் கண்காட்சி நடத்தும் வழக்கம் பரவி வருகின்றது. நல்ல வழக்கந்தான். ஆயினும், மண்டபத்தில் மேசைகளை வரிசைப்படுத்துமுன், ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. முன்னோர் விட்டுச்சென்றவற்றுள் எவற்றை நாம் ‘எமது’ என்கிறோம்?

மன்னாரில் இத்தகைய கண்காட்சி ஒன்று நடைபெறுவதாக வைத்துக்கொள்வோம். அங்கு எவை இடம்பெறும் என்பதை ஊகிப்பது எளிது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தின் படம், போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையின் அட்டை மாதிரி, மடுத் திருப்பதி, பள்ளிமுனைப் பெருக்கமரம், ஒடியல், பனங்கட்டி, ஓலைப்பெட்டி, கூத்து உடுப்பு. நடுவிலே, கண்ணாடிப் பெட்டிக்குள், மன்னார்க் குடாவின் முத்து.

அந்த முத்தின் அருகே சற்று நிற்போம். 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் மறிச்சுக்கட்டிக் கரைக்கு எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் வந்து சேர்ந்தன. காலிலே கல்லைக் கட்டி, கயிற்றைப் பற்றிக்கொண்டு, மூச்சடக்கி ஆழ்கடலில் இறங்கிய மனிதர்களே அவற்றை எடுத்தனர். இவ்வூர்க் கரையாரும் முஸ்லிம்களும், கீழக்கரையாரும், தூத்துக்குடிப் பரதவரும், அரபு நாட்டாரும் அவர்களுள் இருந்தனர். கரையிலே சிப்பிகள் மூன்று கூறாக வைக்கப்பட்டன. இரண்டு கூறு அரசுக்கு, ஒன்றே குளித்தவனுக்கு. மறு ஆண்டிலே முத்துப்பார்களை லண்டன் கம்பனி ஒன்று குத்தகைக்கு எடுத்தது. 1907 இன் பின் பல்லாண்டுகளுக்குச் சலாபமே நடைபெறவில்லை. சலாபத்தை மேற்பார்ப்பதற்கென ஆளுநர் நோர்த் அரிப்பிலே கட்டுவித்த மாளிகை இடிந்த நிலையிலும் நிற்கின்றது. அதனை எல்லோரும் படம் பிடிக்கின்றனர். குளித்தவனின் குடிசைக்கு இடிபாடுகூட இல்லை. முத்தை மட்டும் காட்டி மூன்று கூற்றின் கணக்கைக் காட்டாத மேசை, நகைக் கடைக்காரனின் மேசையே அன்றி வேறன்று.

தலைமன்னாரைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். கப்பலும் ரயிலும் வந்த கதையை மாணவர் ஆர்வத்தோடு எழுதுவர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கெனக் கொண்டுவரப்பட்டோர் இக்கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கெனக் கணக்கிட்டது. அவர்களது சந்ததியார் கப்பலேறியதும் இதே துறையில்தான்.

இவையெல்லாம் பிறர் செய்த கொடுமைகள் எனக் கூறி நாம் தப்பிவிடலாம். தப்ப முடியாதவையும் உண்டு. 1544 இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி மன்னார்க் கத்தோலிக்கரைக் கொல்வித்தான். பின்வந்த போர்த்துக்கேயர் கோயில்களை இடித்தனர். அது தொலைவான காலம் என்போமாயின், 1990 ஒக்டோபர் தொலைவன்று. அம்மாதத்திலே தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எழுபதாயிரம் பேர்வரை ஊரிழந்தனர். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் வாழ்ந்தோர் கடல்வழியே கற்பிட்டிக் கரைக்குச் சென்றனர். தமிழர் பட்ட துன்பங்களை நெஞ்சுருகப் பேசும் எமது மேடைகள் இதனைப் பற்றி வாய்திறப்பது அரிது.

“அன்று பிறந்திராத பிள்ளைகள் இதற்கு என்ன செய்வார்கள்?” என நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. அப்பிள்ளைகள் எக்குற்றமும் செய்யவில்லை. ஆனால் திருக்கேதீச்சரத்தையும் அவர்கள் கட்டவில்லையே! கட்டாத கோயிலுக்குப் பெருமை கொள்ளலாம், செய்யாத தீங்குக்கு மட்டும் பொறுப்பில்லை என்பது எவ்வகை நியாயம்? வடக்கிலே முன்னோர் சொத்தை முதுசம் என்கிறோம். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையோ, பெற்றோரின் சொத்தை மட்டுமன்றி அவர் பட்ட கடனையும் பிள்ளைகளின் தலையில் வைக்கின்றது. தந்தையின் கடனை இறுக்கும் மகனை எவரும் கள்வன் என்பதில்லை. குற்றம் வேறு, கடன் வேறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள முடியாத அளவுக்கு எம் மாணவர் அறிவிலிகள் அல்லர். விளங்கப்படுத்த அஞ்சுபவர் நாமே.

பத்து வயதுப் பிள்ளையிடம் படுகொலைப் படங்களை நீட்ட வேண்டும் என்பதல்ல எமது கருத்து. கண்ணாடிப் பெட்டியின் அருகே குளிகல் ஒன்றும், சிப்பிக் குவியல் மூன்றும் இருந்தால் போதும். கணக்கைப் பிள்ளை தானே கேட்கும். ஊர் மீண்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பக்கத்துப் பாடசாலைகளிலே படிக்கின்றனர். தம் பாட்டிமார் அன்று எதை எடுத்துச் சென்றனர், எதை விட்டுச் சென்றனர் என்பதை அவர்களே ஒரு மேசையில் வைத்து விளக்கட்டும். அதில் என்ன எழுத வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை. திறப்பு விழாவுக்கு எந்தப் பிரமுகரை அழைப்பது என்று கூடிப் பேசுமுன், அந்தப் பாடசாலைகளுக்கு அழைப்புக் கடிதம் எழுதப்படட்டும்.